பெரிய டாக்டரைத் தலை தூக்க வைத்தவர்

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் பட்டறைக்குள் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி நடத்தியவர் கடையநல்லூர் நயினார் முகம்மது ஒருவர்தான். மருந்து கொடுக்கமாட்டார், ஊசி போடமாட்டார், நாடி பிடிக்கமாட்டார். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். அதற்கு ஒரு காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால்கூடத் தேவலை. கொடுத்தவன் தன் பேச்சையும் கொஞ்சம் கேட்கச் சொல்லியிருப்பான். தருமத்துக்குக் கிடைத்த புத்திமதி ஆனதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வித்தை அவருக்குக் கல்லால் வந்தது. ஒரு காலத்தில் சிறுநீரகத்தில் கல் என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் போய்ப் படுத்தார். படுத்தவர் சும்மா கிடக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு என்ன நோய், எதிர்க் கட்டிலுக்கு என்ன மருந்து, எந்த டாக்டருக்கு எந்த நர்ஸைக் கண்டால் ஆகாது என்பது வரைக்கும் கவனித்து வைத்தார். கல்லோடு உள்ளே போனவர் பட்டத்தோடு வெளியே வந்தார். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

அவர் சொல்லிக் கொடுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கிற பிச்சையா கதையையே எடுத்துக்கொள்வோம். நெஞ்சுவலி என்று பெரிய டாக்டரிடம் போனான். என்ன செய்கிறது என்று அவர் இந்தியில் கேட்டார். பிச்சையா ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினான். திருநெல்வேலிப் பக்கத்து வைத்தியரிடம் அப்படித்தான். கையைக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், நாடியைப் பிடித்து நோயை அவர்தான் சொல்ல வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அப்புறம் வைத்தியர் எதற்கு? டாக்டரோ, கூலிக்காரனுக்கு இவ்வளவு நாகரிகமா என்று வியந்து, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வயிற்றுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

மன்சூர் அலி கதை வேறு. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ‘அல்ஹம்துலில்லாஹ்’, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று சொல்வது முஸ்லிம் வீட்டு வழக்கம். கால் ஒடிந்து கிடந்தாலும் அதுதான் பதில். குறை சொன்னால் கொடுத்தவனையே குறை சொன்னதுபோல ஆகிவிடும். மன்சூர் அலிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் ‘கைசே ஹோ’, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். மன்சூர் அலி நெஞ்சில் கையை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். முகமும் அப்படி மலர்ந்திருந்தது. டாக்டர் குணமாகிவிட்டது என்று எழுதி மருந்தை நிறுத்தினார். மன்சூர் அலி பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் மயங்கி விழுந்தார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நயினார் முகம்மது தம் முதல் சட்டத்தைப் போட்டார்.

“அல்ஹம்துலில்லா அல்லாவுக்கு. சீக்கு டாக்டருக்கு. ரெண்டையும் எடம் மாத்திச் சொல்லாதிய வே” என்பார்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் இதைக் கேள்விப்பட்டு முதலில் முகம் சுளித்தார். தம் முழங்காலுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க நேர்ந்தபோது, தொழுகை முடிந்த கையோடு நயினாரின் பட்டறைக்குத்தான் வந்தார்.

அது பெல்ட் தைக்கிற சின்னப் பட்டறை. முன்பக்கம் மிஷினும் தோலும், பின்பக்கம் வீடு, நடுவே ஒரு சாக்குத் திரை. யாராவது ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து நின்றால் நயினார் வேலையை அப்படியே போட்டுவிடுவார். ஆணியில் தொங்கும் பெல்ட்டுகளில் மெல்லியதாக ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். அதுதான் ஸ்டெதாஸ்கோப். மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். மிஷின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, எதிரே நிற்பவனை ஏறிட்டுப் பார்க்காமல் ஒரு தோல் துண்டில் ஆணியால் கோடு கிழித்துக்கொண்டிருப்பார். பெரிய டாக்டர்கள் அப்படித்தான், முகத்தைப் பார்க்கமாட்டார்கள், எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

“நெக்ஸ்ட்” என்பார்.

வந்தவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாலும் வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வர வேண்டும். வந்ததும் நோயைச் சொல்ல வேண்டும், பிறகு மூன்றே கேள்வி கேட்க வேண்டும். மூன்றுக்கு மேல் கேட்டால் டாக்டர் மணியடித்துவிடுவார். நயினாரும் ஸ்டூலில் ஆணியால் தட்டி மணியடிப்பார். தப்பாகச் சொன்னவனை அவர் இந்தியிலும் தமிழிலும் ஏசுகிற ஏச்சு சந்துக் கோடிவரை கேட்கும். பிச்சையாவின் பெண்டாட்டி சொர்ணம்மாள் ஒருதடவை கண்வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “டாக்டரு பரவால்ல பாய். உம்ம அளவுக்கு வையலே” என்றாள். நயினார் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகக் கூடாது என்பதும் அவர் சட்டம். தாளைக் கண்டால் டாக்டர் மனுக் கொடுக்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வாராம். ஆகவே எல்லாம் மனப்பாடம். சந்தில் நடந்து போனால் எந்த வீட்டுக்குள்ளிருந்தாவது யாராவது கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருப்பது காதில் விழும்.

ஆரம்பத்தில் அவர் சொல்லிக் கொடுத்த கேள்விகள் மனிதர்கள் கேட்கிற கேள்விகளாகத்தான் இருந்தன. கருவாடு சாப்பிடலாமா, வேலைக்குப் போகலாமா, மாத்திரையைச் சோற்றுக்கு முன்னாலா பின்னாலா. அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. நிற்கவில்லை. முகம்மது ஹனீபுக்குத் தோலில் அரிப்பு. ‘இந்த அரிப்பு உள்ளேருந்து வெளிய வருதா, வெளியேருந்து உள்ள போகுதா’ என்று கேட்கச் சொன்னார் நயினார். ஹனீப் கேட்டான். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் தலையைத் தூக்கி ஹனீபைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அரிப்பு அன்றும் போகவில்லை, பிறகும் போகவில்லை. ஆனால் பெரிய டாக்டர் தலை தூக்கினார் என்ற செய்தி தாராவி பூராவும் போய்விட்டது.

அன்று தொட்டு நயினாருக்கு அது ஒன்றுதான் குறி. திரும்பி வருகிறவனிடம் நோய் என்ன ஆயிற்று என்று கேட்பதை விட்டுவிட்டார்.

“தலையைத் தூக்கினாராவே?” என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றால் டீ. இல்லை என்றால், “நான் சொன்னத நீரு சொன்ன மாதிரி சொல்லியிருக்கமாட்டீரு” என்பார்.

அந்த டீயைத் திரைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து கொடுப்பது அவர் மனைவி சுலைகா. பிறந்தது கடையநல்லூர் என்றாலும் சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டவள். ஒரே மகளைத் தாணேயில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வேறு பெண் துணை கிடையாது. தண்ணீர்க் குழாய் சந்துக்கு வெளியே, தோல் ஷாப் சுவர் தாண்டி இருந்தது. ஹண்டா என்று பம்பாயில் சொல்கிற பெரிய பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்து, வீட்டுக்கும் பட்டறைக்கும் வேண்டிய தண்ணீரை அவள்தான் சுமந்தாள். கேள்வி கேட்க வருகிறவர்களுக்குப் போடுகிற டீக்கும் சேர்த்துத்தான்.

நோன்பு மாதத்திலிருந்து அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இந்தாருங்க, கொடத்தத் தூக்கிட்டு வந்தா நெஞ்ச அடைக்கி. தண்ணி தூக்கலாமா கூடாதான்னே தெரியல.”

நயினார் அப்போது மோதினாரின் முழங்காலுக்கு மூன்றாவது கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்குந்தான் அடைக்கி. பம்பாய்க் காத்து அப்படி” என்றார்.

வீட்டுக்காரன் சொன்னால் அது பதில் ஆகிவிடுகிறது. சுலைகா மறுபடியும் குடத்தை எடுத்தாள். அவர் கெட்டவர் அல்ல. அடுத்தவன் வீட்டு இருமலைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்து, இது ஈரமா வறட்சியா என்று சொல்லக்கூடியவர். தம் வீட்டுச் சத்தம் பழகிப்போன சத்தம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு மற்ற ஆண்களைப் போலவே அவரும் ராத்திரி சந்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்பவர். போன வருஷ யுத்தத்தில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளை இன்னும் கிழிக்காத அந்த அறைக்குள் அவள் எப்படித் தூங்குகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வெயில் ஏறிய நாளில், குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்த சுலைகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. சொர்ணம்மாள்தான் தாங்கிப் பிடித்து, தன் குடத்தையும் வரிசையையும் விட்டுவிட்டு, முனிசிபாலிட்டி தவாகானாவுக்கு, தர்ம ஆஸ்பத்திரிக்கு, அழைத்துப் போனாள். அங்கிருந்த லேடி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் மாறி, இதயத்துக்கென்றே இருக்கிற பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த நயினார் பயந்துபோனது உண்மை. ஆனால் பயம் அடங்குவதற்குள் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. இதுவரைக்கும் இதய டாக்டருக்கு யாரையும் அவர் தயார் பண்ணியதில்லை.

“இருதய டாக்டருன்னா மத்த டாக்டரு மாதிரி இல்லளா” என்று சுலைகாவிடம் சொன்னார். “சாமானியக் கேள்வியெல்லாம் அங்க எடுபடாது.”

அன்றிலிருந்து, டாக்டரைப் பார்க்க வேண்டிய வியாழக்கிழமை வரைக்கும் பட்டறையில் பெல்ட் தைக்கவில்லை. நயினார் யோசித்தார். மன்சூர் அலியிடம் யோசனை கேட்டார், மோதினாரிடம் கேட்டார், தோல் ஷாப்பிலிருந்து வந்த பிச்சையாவிடமும் கேட்டார். சுலைகாவிடம் மட்டும் கேட்கவில்லை. கடைசியில் மூன்று கேள்வி தேறியது. இந்த நோய் பரம்பரையாக வந்ததா, பம்பாய்த் தண்ணீரால் வந்ததா என்பது முதலாவது. ரத்தம் சூடாகி இதயத்துக்கு வருகிறதா, இதயத்துக்கு வந்து சூடாகிறதா என்பது இரண்டாவது. சீமையில் இதற்குப் புதுசாக மருந்து வந்திருக்கிறதாமே, அது நம் ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும் என்பது மூன்றாவது. ஹனீபின் அரிப்புக்கே ஒரு டாக்டர் தலை தூக்கினார் என்றால், இதற்கு இதய டாக்டர் எழுந்தே நிற்பார் என்று பிச்சையா சொன்னான்.

புதன்கிழமை சுலைகாவைப் பட்டறையில் நிறுத்திப் பழக்கினார். கழுத்தில் பெல்ட், மூக்கு நுனியில் கண்ணாடி. பார்க்க நாலு பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

“நெக்ஸ்ட். கைசா ஹை?”

“மூச்சு முட்டுது டாக்டரு” என்றாள் சுலைகா. திரைக்குப் பின்னால் நின்று எல்லார் பேச்சையும் கேட்டவள் அல்லவா, அவளுக்குச் சட்டமெல்லாம் அத்துப்படி.

“நல்லது. இப்பக் கேள்வியக் கேளு.”

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். அதன் பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் சொன்னால் வீட்டில் எடுபடாத அந்தப் பதில் டாக்டர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்காகத்தான் போகிறாள்.

“டாக்டரு, நான் தண்ணி தூக்கலாமா?”

வாசலில் யாரோ சிரித்தார்கள். நயினார் கழுத்திலிருந்த பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏளா, இது முனிசிபாலிட்டில கேக்க வேண்டிய கேள்வி. இருதய டாக்டருகிட்டப் போயிக் கொடத்தப் பத்திக் கேட்டா, நயினாரு வீட்டுப் பொம்பள இதத்தான் கேட்டாளான்னு நாலு பேரு பேசமாட்டானா? மரியாதையா நான் சொல்லித்தந்தத மட்டும் கேளு. இல்லன்னா நானே கேட்டுக்கிடுதேன். நீ சும்மா நில்லு.”

“சரி, நீங்களே கேளுங்க” என்றாள் சுலைகா. உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் போதவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருந்தபோது நயினார் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத குஜராத்திக்காரருக்குக் கூட இரண்டு கேள்வி சொல்லிக் கொடுத்தார். சுலைகா புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்கள்.

பெரிய டாக்டர் நரைத்த மனிதர். நயினார் பட்டறையில் காட்டுகிற மாதிரியேதான் இருந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் நயினாருக்குத் தாம் இத்தனை வருஷமும் சரியாகத்தான் நடித்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி.

“கைசீ ஹை பாயி?” அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார் டாக்டர், தாளைப் பார்த்தபடியே.

அப்போது நடந்ததை நயினாரால் கடைசிவரைக்கும் யாருக்கும் விளக்க முடியவில்லை. அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார். அதற்கு ஒரு கௌரவமான குடும்பத்தலைவனின் வாயிலிருந்து தலைமுறை தலைமுறையாக என்ன வருமோ அதுதான் வந்தது. நெஞ்சில் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், டாக்டர் சாப். அச்சா ஹை.” நன்றாக இருக்கிறாள்.

தெருவுக்கே சட்டம் போட்டவர். மன்சூர் அலியை நாலு பேர் முன்னால் நிறுத்தி, உமக்குப் புத்தி எங்கே போச்சு என்று கேட்டவர். டாக்டர் தலையாட்டிக்கொண்டு எதையோ எழுதினார். நயினார் தாம் சொன்னது இன்னதென்று உணர்ந்தாரா என்றால், இல்லை. அவர் மனம் முதல் கேள்வியில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பரம்பரையா பம்பாய்த் தண்ணீரா என்று கேட்டார். டாக்டர் “ம்” என்றார். தலை தூக்கவில்லை. ரத்தம் சூடாகி வருகிறதா வந்து சூடாகிறதா என்று கேட்டார். அதற்கு அந்த “ம்” கூட இல்லை. சீமை மருந்தை எடுத்தபோது டாக்டர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். சத்து மாத்திரை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். மணியடிக்கக் கை போனது.

சுலைகா நகரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் எட்டு ஊர்ப் பெண்களோடு சண்டை போட்டுப் படித்த இந்தி அவளுடையது. நயினாரின் இந்தியைவிடத் தெளிவானது. வீட்டில் அதைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“சாப், மை பானீ கா ஹண்டா உட்டா சக்தீ க்யா?” ஐயா, நான் தண்ணிக்குடம் தூக்கலாமா?

நயினாருக்கு மானமே போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

எந்தக் குடம், எவ்வளவு பெரியது என்று கேட்டார். சுலைகா கையை விரித்துக் காட்டினாள். எவ்வளவு தூரம்? நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா? முன்பெல்லாம் நிற்காமல் வருவேன் என்றாள். நோன்புக்குப் பிறகு தோல் ஷாப் சுவரில் ஒருமுறை சாய்ந்து நிற்பேன், இப்போது சுவரில் நின்று, சந்து முனையில் நின்று, வாசலில் குடத்தோடு உட்கார்ந்துதான் உள்ளே போக முடிகிறது. இருமினால் சில நாள் எச்சிலில் சிவப்பு தெரிகிறது என்றும் சொன்னாள்.

“ராத்திரி நன்றாகப் படுத்துத் தூங்குகிறாரா?” டாக்டர் இதை நயினாரைப் பார்க்காமலே அவரிடம் கேட்டார்.

“அச்சா சோத்தீ ஹை” என்றார் நயினார். நன்றாகத் தூங்குகிறாள்.

“இல்ல சாப்” என்றாள் சுலைகா. “படுத்தா மூச்சு நின்னுபோகுது. அரிசி டின்னுல சாஞ்சு உக்காந்துதான் தூங்குதேன்.” அதையும் இந்தியில்தான் சொன்னாள். நயினாருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தமிழாகவே காதில் விழுந்தது.

“எப்போதிலிருந்து?”

“ரம்ஜான்லருந்து.”

டாக்டர் இப்போது நயினாரைப் பார்த்தார். முழுசாகத் தலையைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லிக் கொடுத்த நயினாருக்கு, புருஷன் என்ற ஒரு சொல் வாய்க்கு வர நேரமாயிற்று. அவர் வாழ்நாளில் பெரிய டாக்டர் ஒருவர் அவருக்காகத் தலை தூக்கியது அந்த ஒரு முறைதான்.

பிறகு டாக்டர் சுலைகாவைப் படுக்க வைத்தும் உட்கார வைத்தும் வெகுநேரம் குழலை வைத்துக் கேட்டார். எழுதியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். இதயத்துக்குள் ஒரு கதவு சுருங்கிவிட்டது, ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது, ஆபரேஷன் செய்து அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, படுக்கை கிடைத்ததும் வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் குடம் அல்ல, ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும்.

“பொழச்சுக்கிடுவேனா சாப்?” என்று கேட்டாள் சுலைகா.

நிறையப் பேர் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். அப்புறம், எந்தப் பெரிய டாக்டரும் எந்தத் தாராவிக்காரனிடமும் கேட்டிராத ஒன்றை நயினாரிடம் கேட்டார்.

“வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?”

இந்தக் கேள்விக்காகத்தான் நயினார் இத்தனை வருஷம் தவம் கிடந்தார். சுலைகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மூன்று கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டு வெற்றிகரமாக எழுந்து வந்திருப்போமே, மழைக்காலம் முடிகிறவரை அவள் குடம் சுமந்திருப்பாளே என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

“அரிசி டின்னுல சாஞ்சா முதுகு வலிக்காதா?” என்று கேட்டார்.

“வலிக்கும்” என்றாள் சுலைகா.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். சந்து முனையில் காத்திருந்த பிச்சையாவும் மன்சூர் அலியும், டாக்டர் தலையைத் தூக்கினாரா என்று கேட்டதும் நயினாரின் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

“தூக்கினாராவா? பேனாவையே கீழ வச்சிட்டாரு. என் வீட்டுல கேட்ட கேள்வி அப்படி. நம்ம பட்டறையில பழக்கினதுதான” என்றார்.

புதன்கிழமை வாசலில் நின்று சிரித்தவர்கள் அவர்கள்தான். சுலைகா அவரை ஒருமுறை பார்த்தாள். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வீட்டுக்குள் போய் அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஆபரேஷன் நடந்ததும், அவள் பிழைத்து எழுந்து வந்ததும், அதிலும் தமக்கொரு பங்கு இருப்பதுபோல நயினார் கதை சொல்லிக்கொண்டு திரிந்ததும் பின்னால் நடந்தவை.

மறுநாள் விடிந்ததும் தண்ணீருக்கு வேறு ஆள் இல்லை. நயினார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹண்டாவை எடுத்தார். அது எவ்வளவு கனம் என்பது வெறும் குடமாக இருக்கும்போதே அவருக்குத் தெரிந்தது. குழாயடியில் முழுக்கப் பெண்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் சொர்ணம்மாள்.

அவர் முறை வந்தது. குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தார். அது கோணலாக உட்கார்ந்து, தண்ணீர் பாதி வெளியே போனது.

“வீட்டுல எப்படி இருக்காவ பாய்?” என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

நயினாரின் கை நெஞ்சுக்குப் போனது. அல்ஹம் என்று நாக்கு எடுத்தும்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டார். கையை இறக்கி, குழாயடிப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“நல்லா இல்லம்மா. படுக்க முடியல அவளால. நோன்புலருந்து உக்காந்துதான் தூங்குதா. தண்ணி தூக்கினா எச்சில்ல ரத்தம் வருது.”

இதை ஊருக்கு முதன்முதலில் தாம்தான் சொல்கிறோம் என்று நினைத்தார். சொர்ணம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அது இங்க எல்லாருக்கும் நோன்புலருந்தே தெரியும் பாய்” என்றாள் சொர்ணம்மாள். “கொடத்த நேரா வையும். தண்ணி வீணாப் போகுது.”